வாசகசாலைச் சுவரில் கிறுக்குவதைத் தடுக்கக் கண்டறியும் கருவிகள் உதவுமா?

மாத்தூர்ச் சாலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவட்டாற்றுக்கு அருகே, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் செல்லும் வழியில் எங்கள் ஊர் வாசகசாலை இருக்கிறது. வெட்டுக்கல்லால் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, ஓடு வேய்ந்த பழைய கட்டிடம். என் தாத்தா அதன் திண்ணையில் உட்கார்ந்துதான் செய்தித்தாள் வாசிக்கப் பழகினார். இப்போது நான் அதன் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கடந்த ஓராண்டில் மூன்று முறை வெள்ளையடித்தும் சுவர் ஒரு மாதம்கூடச் சுத்தமாக நின்றதில்லை.

தொட்டிப்பாலம் பார்க்க வருகிறவர்கள் திண்ணையில் இளைப்பாறிவிட்டு, சாவியாலோ கல்லாலோ பெயர்களைக் கீறிவிட்டுப் போகிறார்கள். இரவில் யாரோ சுவரொட்டிகளை ஒட்டுகிறார்கள். இவை பழைய தொல்லைகள். அண்மையில் இரண்டு முறை கறுப்பு ஸ்பிரே பெயின்டால் முன்சுவர் முழுவதும் கிறுக்கியிருந்தார்கள். இவற்றில் எனக்கு மிகவும் வலிப்பது கீறல்தான். ஜன்னலுக்குக் கீழே ஒரு பெயரின் முதல் எழுத்தை ஆழமாகக் கீறியதில் சாந்து உதிர்ந்து, உள்ளிருக்கும் வெட்டுக்கல்லின் சிவப்பு தெரிகிறது. மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஓர் எழுத்திலிருந்து செந்நீர் கசிந்து சுவரின் அடிவரை கோடாக இறங்குகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்வதால் அந்தக் கோடு காயவே நேரம் இருப்பதில்லை.

வெளிநாடுகளில் ஸ்பிரே பெயின்டின் ஓசையைக் கேட்டு எச்சரிக்கும் சென்சார், அதன் ஆவியை முகரும் சென்சார், ஆள் நிற்பதைத் தானாகவே கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா ஆகியவை இருப்பதாக வாசித்தேன். ஒரு விற்பனையாளர் எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய் கேட்கிறார். எங்களிடம் இருப்பது 60,000 ரூபாய். பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகள் கெடுதல் நடப்பதற்கு முன் ஆளைத் தடுக்குமா, அல்லது நடந்தபின் யார் செய்தார் என்று காட்டுவதோடு நின்றுவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நாகர்கோவில் கேமராக்காரன் எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேமரா பொருத்தும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் வாசித்தவை உண்மையான கருவிகள்தாம். ஆனால் அவை எந்த இடத்துக்காக உருவானவை என்பதைப் பார்க்காமல் வாங்கினால் பணம் வீணாகிவிடும்.

ஸ்பிரே டப்பாவின் மூக்கை அழுத்தும்போது வரும் சீறலில் நம் காதுக்கு எட்டாத, 20 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட மீயொலியும் கலந்திருக்கிறது. ஓசை சென்சார் தேடுவது அதைத்தான். சாலை இரைச்சலில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. ஆனால் மீயொலி காற்றில் வெகு விரைவாக வலுவிழக்கும் என்பதால் சென்சார் சுவருக்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும். நீளமான சுவருக்கு ஒன்று போதாது. ஆவியை முகரும் முறைக்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ரயில்கள். 2015இல் அங்கே ‘மவுஸ்டிராப்’ என்ற பெயரில், ரயில் பெட்டிக்குள் ஸ்பிரே பெயின்டும் மார்க்கர் பேனாவும் வெளியிடும் ஆவியை உணர்ந்து, உடனே கேமராப் படத்தைக் கண்காணிப்பவர்களுக்கு அனுப்பும் முறையைச் சோதித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டதாக அறிவிக்கவும் செய்தார்கள். அது மூடிய பெட்டி, ஆவி அங்கேயே தங்கும். அடுத்த நிறுத்தத்தில் காவலர் ஏறவும் முடியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வீசும் மாவட்டத்தில் ஒரு திறந்த திண்ணையில் ஆவி எத்தனை நொடி நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சாவி சீறுவதில்லை, மைதாப் பசைக்குப் பெயின்ட் வாசனையும் இல்லை. உங்கள் மூன்று தொல்லைகளில் இரண்டை இந்த இரு சென்சார்களும் அறியவே அறியாது. எனவே அவை இரண்டையும் விலைப்பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

எஞ்சுவது ஆளின் நடமாட்டத்தை அறியும் முறை. பிஐஆர் எனப்படும் வெப்ப அசைவுச் சென்சார், உடல் வெப்பத்துக்கும் பின்னணி வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு வேலை செய்கிறது. நாள் முழுதும் வெயில் குடித்த தரையும் சுவரும் உடலளவு சூட்டில் இருக்கும் மாலை வேளைகளில் அதன் கூர்மை குறைந்துவிடும். மேலும், தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே அது நன்றாக உணரும் என்பதால், சுவரில் வைத்துச் சாலையைப் பார்க்கச் செய்வது தவறு. பக்கவாட்டில் வைத்து, சுவரை நெருங்குபவர் அதன் பார்வையைக் குறுக்கே வெட்டிச் செல்லும்படி அமைக்க வேண்டும்.

கேமராவைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் தேவை என்பது தொழிலில் பின்பற்றும் அளவு. பரவலாக விற்கும் 4 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால், ஏறத்தாழ 4 மீட்டர் தொலைவு வரைதான் அந்த அளவு கிடைக்கும். அதற்கு அப்பால் ஆள் நின்றது தெரியும், யார் என்பது தெரியாது. “முப்பது மீட்டர் இரவுப் பார்வை” என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது அகச்சிவப்பு வெளிச்சம் எட்டும் தொலைவையே குறிக்கிறது.

பொய் எச்சரிக்கைகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசிக்கு ஒரே இரவில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், அகச்சிவப்பு விளக்கின் இளஞ்சூட்டுக்கு வந்த பூச்சிகளைப் பிடிக்கச் சிலந்தி லென்ஸ் முன்னால் வலை பின்னியிருந்தது. காற்றில் வலை ஆடும்போதெல்லாம் கேமரா அதை ஆள் என்று எண்ணியது. மூன்றாம் நாள் அவர் எச்சரிக்கையை அணைத்தே வைத்துவிட்டார், நான்காம் நாள் சுவரில் சுவரொட்டி இருந்தது. வாரம் ஒருமுறை துடைக்க ஆள் இல்லாத கேமராவை நம்ப வேண்டாம்.

நீங்கள் ஒரு விவரம் சொல்ல வேண்டும். எந்தக் கெடுதல் எந்த நேரத்தில் நடக்கிறது?

மாத்தூர்ச் சாலைவாசி எழுதியது:

மிக்க நன்றி தம்பி. சுவரொட்டிகள் இரவு இரண்டு மணிக்கு மேல், பால் வண்டி வருவதற்கு முன் ஒட்டப்படுகின்றன. பெயின்ட் இரண்டு முறையும் இரவில்தான். கீறல்கள் பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலில் நடக்கின்றன, அப்போது வாசகசாலை பூட்டியிருக்கும். மழை பெய்தால் பேருந்துக்கு நிற்பவர்களும் எங்கள் திண்ணையில்தான் ஒதுங்குவார்கள், அவர்களை விரட்டும் எந்த ஏற்பாட்டையும் நாங்கள் விரும்பவில்லை.

பழங்கட்டிடப் பொறியாளர் எழுதியது:

கருவியைப் பற்றிய விளக்கம் சரியாகவே இருக்கிறது. நான் சுவரைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் சுவரைக் காக்கப் போய்ச் சுவரையே கெடுத்த சில வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில், அந்தச் சுவரில் துளையிட்டுக் கேமரா மாட்டாதீர்கள். வெட்டுக்கல் மென்மையானது. துளைக்குள் நீர் இறங்கினால் கல் பொடிந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஆணி தளர்ந்துவிடும். முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் மாட்டுங்கள். இரண்டாவது, கழுவினால் போய்விடும் என்று சொல்லி விற்கும் வழவழப்பான பாலியூரிதேன் பூச்சுகளைச் சுண்ணாம்புச் சுவரில் அடிக்க அனுமதிக்காதீர்கள். தரையிலிருந்தும் மழையிலிருந்தும் சுவர் உறிஞ்சும் ஈரம் வெளிப்புறமாக ஆவியாகிப் போவதால்தான் இத்தகைய சுவர்கள் நெடுங்காலம் நிற்கின்றன. அந்த வழியை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு கொப்புளித்துச் சாந்தோடு சேர்ந்து பெயர்ந்து விழும். சிமென்டால் கீறலை அடைப்பதும் அதே போன்ற தவறு. சிமென்ட் கடினம், சுண்ணாம்பு நெகிழ்வு. ஒட்டிய இடத்தின் விளிம்பில் புதிய வெடிப்பு பிறக்கும்.

உங்கள் சுவரில் ஏற்கெனவே ஒரு நல்ல பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. அது சுண்ணாம்புதான். மெல்லிய படலம் படலமாக ஏறும் சுண்ணாம்பின் மேல் விழும் கறை, பெரும்பாலும் மேல் படலங்களோடு நிற்கிறது. தேங்காய் நார்த் தூரிகையால் உலர்ந்த நிலையில் தேய்த்து மேல் படலத்தை எடுத்துவிட்டு, சுவரை நனைத்து, மீண்டும் இரண்டு கை சுண்ணாம்பு அடிக்கலாம். கறுப்பு ஸ்பிரே பெயின்டைத் தின்னர் ஊற்றித் துடைத்தால் நிறமி இன்னும் ஆழமாகத் துளைகளுக்குள் இறங்கும் என்பதால் அதை மட்டும் செய்யாதீர்கள். கீறலை, சலித்த மணலும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த சாந்தால் அடைத்து, இரண்டு மூன்று நாள் ஈரம் காக்க வேண்டும். இதைத் தெரிந்த கொத்தனார்கள் தக்கலை, பத்மநாபபுரம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

விரைவாக அழிப்பதும் ஒரு தடுப்பு முறைதான் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நியூயார்க் நகரச் சுரங்க ரயில்கள் முழுக்கக் கிறுக்கல்களால் மூடப்பட்டிருந்த காலத்தில், 1984இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒருமுறை சுத்தம் செய்த ரயிலில் மீண்டும் யாராவது எழுதினால், அழிக்கும் வரை அதை ஓடவிடுவதில்லை என்பதே அதன் விதி. எழுதியவருக்குத் தன் எழுத்து ஊரெல்லாம் ஓடுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி கிடைக்காமல் போனது. 1989 மே மாதம் கடைசிக் கிறுக்கல் ரயிலும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் செய்து 2008இல் வெளியான ஆய்வையும் சொல்லலாம். சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில் சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுத்தாள்களை மாட்டிவைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 விழுக்காட்டினர் தாளைக் கீழே வீசினார்கள், சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 விழுக்காட்டினர் வீசினார்கள். உங்கள் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு பெயர்தான் அடுத்த பெயரை அழைக்கிறது. கேமராவுக்கு முன்பே அதை அடைத்துவிடுங்கள்.

முட்டம் கடற்கரை ஆசிரியை எழுதியது:

எங்கள் மீனவ ஊரின் பொது மண்டபத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே முயற்சியைச் செய்தோம். அதில் நேர்ந்தவற்றை அப்படியே எழுதுகிறேன்.

ஆள் நெருங்கினால் விளக்கு எரிந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கைக் குரல் வரும் கேமராவை வாங்கினோம். நிறுவியவர் அதனுடன் வந்த ஆங்கிலக் குரலையே, உச்ச ஒலியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் மீன் எடுக்கப் போன ஒரு பாட்டி மண்டபத்து ஓரமாக நடந்தபோது, திடீரென்று வெள்ளை வெளிச்சமும் அதட்டும் குரலும் வர, அவர் கையிலிருந்த வெற்றுக் கூடையை எறிந்துவிட்டுக் கடற்கரை மணலில் ஓடியிருக்கிறார். காலில் சிராய்ப்பு. அன்று ஊரே எங்கள் மீது கோபப்பட்டது, அந்தக் கோபம் நியாயமானது. பிறகு என் வகுப்பு மாணவி ஒருத்தியின் குரலில், தாழ்ந்த ஒலியில் வேறு பதிவு செய்தோம். “வணக்கம், இது நம்ம ஊர் மண்டபம். சுவரில் எழுத வேண்டாம். இங்கே கேமரா இருக்கு.” வழியில் நடப்பவருக்கு அது ஒலிக்காதபடி, சுவருக்கு ஒன்றரை மீட்டருக்குள் பத்து நொடிக்கு மேல் நிற்பவருக்கு மட்டும் ஒலிக்கும்படி மாற்றினோம்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு முன்சுவரில் எழுதுவது நின்றது. தெரியாத இயந்திரத்தின் அதட்டலைவிடத் தெரிந்த பிள்ளையின் குரலுக்கு நம் மக்கள் செவிசாய்க்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் கேமராவின் பார்வை எட்டாத பின்சுவரில் கரியால் எழுதுவது கூடியது என்பதையும் மறைக்கக் கூடாது. தொல்லை முழுவதும் ஒழியவில்லை, ஒரு பங்கு இடம் மாறியது. மேலும், உப்புக் காற்றில் கேமராவின் இரும்புத் தாங்கி எட்டே மாதத்தில் துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடு இறங்கிவிட்டது. கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கி வாங்குங்கள்.

குழித்துறை வழக்கறிஞர் எழுதியது:

ஆசிரியை எழுதியதைப் படித்தபின் சட்டப் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பொதுப்பார்வையில் உள்ள சுவர்களில் அனுமதியின்றி விளம்பரம் செய்வதற்கு எதிராக 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிறர் சொத்துக்குச் சேதம் விளைவிப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் வருகிறது. சிதறால் மலைக்கோயில் போல ஒன்றிய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னமாக இருந்தால், 1958ஆம் ஆண்டின் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். உங்கள் வாசகசாலை அந்த வகையில் வராது.

கேமராப் பதிவைச் சான்றாக்க விரும்பினால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பதிவை வைத்திருப்பவரும் மற்றொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும். தொலைபேசியில் வந்த துண்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மூலப் பதிவு அழிந்துபோக விட்டுவிட்டு வருகிறவர்கள் பலர். முப்பது நாள் சேமிப்பு வைத்து, நிகழ்வு நடந்த அன்றே அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வையுங்கள்.

பிடிபடுபவர் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையாக இருக்கக்கூடும். படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வெட்கப்படுத்தும் பழக்கம் பெருகிவருகிறது. சட்டத்துடன் முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகக் கூறப்படும், குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு சுவருக்காக ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. பெற்றோரை அழைத்துப் பேசி, அந்தப் பிள்ளையின் கையாலேயே சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டு வாசல் பதிவாகாதபடி கேமராவின் கோணத்தை மறைப்பதும், “இவ்விடம் கண்காணிக்கப்படுகிறது” என்ற பலகையைத் தெளிவாக வைப்பதும் உங்கள் கடமை.

மாத்தூர்ச் சாலைவாசி எழுதியது:

உங்கள் ஒவ்வொருவரின் பதிலையும் அச்செடுத்து நேற்றைய குழுக் கூட்டத்தில் வாசித்தேன். ஆசிரியை அக்கா சொன்ன பாட்டியின் நிகழ்ச்சியைக் கேட்டதும் கூட்டத்தில் பேச்சே மாறிவிட்டது.

விற்பனையாளரின் திட்டத்தை வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். முதலில் கொத்தனாரை அழைத்துக் கீறல்களை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கிறோம். முற்றத்தில் கம்பம் நட்டு இரண்டு கேமராக்கள், பிஐஆரோடு இணைந்த விளக்கு, உள்ளூர்ப் பிள்ளையின் குரல். குரல் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை மட்டும் ஒலிக்கும். ஞாயிறு பிற்பகலில் வாசகசாலையைத் திறந்து வைக்கக் கல்லூரி மாணவர்கள் நால்வர் முறைபோட்டு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஏனெனில் பகல் கீறலுக்கு ஆளைத் தவிர வேறு மருந்து இல்லை என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

சுவரொட்டிகளை எண்ணிப் பார்த்தோம். பாதிக்கு மேல் கண்ணீர் அஞ்சலிகள். துக்க வீட்டாரைக் கேமராவில் பிடித்து என்ன செய்வது? எனவே சாலையோரத்தில் ஒரு தகரப் பலகை வைத்து, அதில் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று எழுதப் போகிறோம். தம்பி, கம்பத்தை எந்தப் பக்கம் நட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

நாகர்கோவில் கேமராக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, முன்சுவருக்கு நேர் எதிரே நட வேண்டாம். கட்டிடத்தின் இரு முனைகளிலும், சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னே தள்ளி, முனைக்கொரு கம்பமாக நட்டு, ஒன்று மற்றொன்றைப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு கேமராவைத் துணியால் மூடினாலும் மற்றொன்று அதைப் பதிவு செய்யும், சாலையில் போகிறவர்களும் எதிர்வீட்டு வாசலும் படத்தில் வரமாட்டார்கள். உயரம் மூன்று மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் தலைமுடிதான் தெரியும். சுவர் நீளம் எட்டு மீட்டருக்கு மேல் இருந்தால் நடுப்பகுதியில் முகம் தெளியாது, அப்போது லென்ஸை 4 மில்லிமீட்டராக மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் இடி அதிகம் என்பதால் கம்பத்துக்குத் தனி எர்த்தும், மின்வழியில் மின்பாய்ச்சல் தடுப்பானும் கட்டாயம் வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் சோதனையைப் பகலில் மட்டும் முடித்துக்கொள்ளாதீர்கள். நல்ல மழை பெய்யும் ஓர் இரவில், குடை பிடித்த ஒருவரையும் ரெயின்கோட் போட்ட ஒருவரையும் சுவரோரம் நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், நனைந்த ரெயின்கோட் உடல் வெப்பத்தை மறைத்துவிடும். அன்று அழைத்தால் நானே வந்து நிற்கிறேன்.